ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை என்ன கற்க வேண்டும்? காலக்கெடுவை எட்டும் ‘நிபுண் பாரத்’ திட்டமும் எஞ்சி நிற்கும் கேள்விகளும்

புதுதில்லி: ஒரே ஒரு தாள். அதில் சில எழுத்துகள், சில எளிய சொற்கள், நான்கு வாக்கியங்களில் ஒரு சிறு பத்தி, கடைசியாக இரண்டாம் வகுப்புப் பாடநூலின் தரத்தில் ஒரு குட்டிக்கதை. கிராமப்புற இந்தியாவில் வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்கள் இந்தத் தாளைத்தான் குழந்தையின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்கின்றனர். ‘அசர்’ என்ற பெயரில் வெளியாகும் ஆண்டுக் கல்விநிலை அறிக்கைக்கான ஆய்வு இது. பள்ளிக்கூடத்தில் அல்லாமல் வீட்டுத் திண்ணையிலேயே குழந்தையைச் சந்திப்பதால், வகுப்பறையில் சேர்ந்து ஒப்பிக்கும் குரல்களுக்குள் மறைந்துகொள்ள எந்தக் குழந்தைக்கும் வழியில்லை.

2025 ஜனவரி 28ஆம் தேதி வெளியான 2024ஆம் ஆண்டு அறிக்கைக்காக 605 மாவட்டங்களில் 17,997 கிராமங்களைச் சேர்ந்த 6,49,491 குழந்தைகள் சந்திக்கப்பட்டனர். அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு பயில்வோரில் 23.4 சதவீதத்தினர் அந்தக் கதையை வாசித்தனர். பெருந்தொற்றுக்கு முன்பு, 2018இல், இது 20.9 சதவீதமாக இருந்தது. பள்ளிகள் நீண்டகாலம் மூடப்பட்டதற்குப் பின் 2022இல் 16.3 சதவீதமாகச் சரிந்தது. சரிவிலிருந்து மீண்டதோடு முந்தைய நிலையையும் தாண்டியிருப்பது நல்ல செய்தி. அதே எண்ணைத் திருப்பிப் படித்தால், மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் நான்கு குழந்தைகளில் மூவருக்கு, முந்தைய வகுப்பின் பாடநூல் இன்னும் எட்டாமலேயே இருக்கிறது.

மத்திய கல்வி அமைச்சகம் 2021 ஜூலை 5ஆம் தேதி தொடங்கிய ‘நிபுண் பாரத்’ இயக்கம் தனக்கு விதித்துக்கொண்ட காலக்கெடு 2026-27 கல்வியாண்டு. மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அதற்குள் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. ‘பெரும்பாலான’ குழந்தைகள் அல்ல, ‘ஒவ்வொரு’ குழந்தையும். இந்த நிலையில், ஆறு, ஏழு வயதுக் குழந்தையிடம் நாடு உண்மையில் என்ன கேட்கிறது, அதைக் கற்பதற்கு எத்தகைய வகுப்பறையைக் கொடுத்திருக்கிறது என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

அரசு கேட்பது என்ன?

2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான ஐந்து ஆண்டுகளை ‘அடித்தள நிலை’ எனப் பிரித்தது. முதல் மூன்று ஆண்டுகள் அங்கன்வாடி அல்லது மழலையர் வகுப்பு. அடுத்த இரண்டு ஆண்டுகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள்.

‘நிபுண் பாரத்’ வகுத்த படிநிலைகள் எளிமையாகவே தோன்றும். ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ‘பால்வாடிகா’வில் எழுத்துகளையும் அவற்றின் ஒலிகளையும் அடையாளம் காண வேண்டும், இரண்டு மூன்று எழுத்துச் சொற்களை வாசிக்க வேண்டும், பத்து வரை எண்களை அறிய வேண்டும். ஒன்றாம் வகுப்பின் முடிவில், முன்பு பார்த்திராத பகுதியிலிருந்து நான்கைந்து எளிய சொற்கள் கொண்ட சிறு வாக்கியங்களை வாசிக்கவும், 99 வரை எண்களைப் படித்து எழுதவும் இயல வேண்டும். இரண்டாம் வகுப்பில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்களைத் தடையின்றி வாசிப்பதும், 999 வரை எண்களை அறிவதும், 99 வரை கழிப்பதும் எதிர்பார்க்கப்படுகின்றன. மூன்றாம் வகுப்பில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள், 9,999 வரையிலான எண்கள், எளிய பெருக்கல் கணக்குகள்.

இயக்கத்தின் முழுப்பெயரில் ‘புரிதலுடன் வாசித்தல்’ என்ற தொடர் உள்ளது. செய்திக்குறிப்புகளைத் தமிழாக்கும்போது அடிக்கடி கண்ணில் படும் ஒன்று: முழுப்பெயரில் இருக்கும் அந்தப் ‘புரிதல்’, மாவட்ட அளவிலான அறிவிப்புகளுக்குள் வந்து சேரும்போது உதிர்ந்துவிடுகிறது. எஞ்சுவது நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற எண் மட்டுமே. நிறுத்தற்கடிகாரத்தால் அளக்க முடிவது வேகத்தைத்தான் என்பதால் இது வியப்பும் அல்ல.

அந்த எண்ணும் எல்லா மொழிக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. ‘போகவேண்டியிருந்தது’ என்பது தமிழ்க் குழந்தைக்கு ஒரே சொல். இந்தியில் அதே செய்தி ‘ஜானா படா தா’ என மூன்று சொற்களாகிவிடும். ஒட்டிச் சேர்ந்து நீளும் சொற்களைக் கொண்ட தமிழிலும் மலையாளத்திலும் நிமிடத்துக்கு 45 சொற்கள் என்பதும், துண்டு துண்டாக நிற்கும் சொற்களைக் கொண்ட இந்தியில் 45 சொற்கள் என்பதும் ஒரே சுமை அல்ல. 2022இல் மூன்றாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்ட அடிப்படைக் கற்றல் ஆய்வு, 20 மொழிகளுக்கும் தனித்தனி வாசிப்பு அளவுகோலை வகுக்க முயன்றது இதனால்தான். எனினும் பொதுவெளியில் இன்றும் புழங்குவது அந்த ஒற்றை எண்தான்.

எழுத்து முறையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆங்கிலக் குழந்தை 26 எழுத்துகளின் வடிவத்தைப் பழகிவிட்டால் புதிதாகக் கற்க வேறு வடிவம் இல்லை. உச்சரிப்பின் சிக்கல்கள் வேறு கதை. இந்திய எழுத்துமுறைகளிலோ மெய்யும் உயிரும் சேர்ந்து புது வடிவங்கள் பிறக்கின்றன. இந்தியிலும் கன்னடத்திலும் கூட்டெழுத்துகள் வேறு. கன்னடக் குழந்தைகள் வாசிக்கக் கற்பதை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளைக் கைவசப்படுத்தும் முயற்சி தொடக்க வகுப்புகளைத் தாண்டியும் நீள்வதைக் காட்டியது. ஒன்றாம் வகுப்பின் அரையாண்டுக்குள் ‘எழுத்துகளை முடித்துவிட்டோம்’ என்று அறிக்கை எழுதும் அவசரத்துக்கு இந்த மொழிகளின் இயல்பு இடம் தருவதில்லை.

பூனையைத் தேடும் கணிதம்

என்சிஇஆர்டி 2023இல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்களை வெளியிட்டது. இந்திக்கு ‘சாரங்கி’, ஆங்கிலத்துக்கு ‘மிருதங்’ என இசைக்கருவிகளின் பெயர்கள். கணித நூலின் பெயர் ‘மகிழ்ச்சியான கணிதம்’ என்ற பொருளைத் தரும். அதன் ஒன்றாம் வகுப்பு நூலைத் திறந்தால் முதல் பாடத்தில் எண்களே மையம் அல்ல. காணாமற்போன ஒரு பூனையைத் தேட வேண்டும். மேலே, கீழே, உள்ளே, வெளியே என்ற இடவுணர்வை அந்தத் தேடலில் குழந்தை பெறுகிறது. இரண்டாவது பாடத்தில் எது நீளம், எது உருண்டை. எண்கள் அதற்கும் பிறகுதான், மாம்பழங்களோடு வருகின்றன.

‘ஒண்ணு, ரெண்டு எழுதவே இன்னும் சொல்லித்தரவில்லையே’ என்று கவலைப்படும் பெற்றோருக்கு இந்த வரிசை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் எண் என்பது எழுதும் வடிவம் அல்ல, அளவைப் பற்றிய உணர்வு என்ற புரிதலிலிருந்து பிறந்த வரிசை இது. 2022 அக்டோபர் 20ஆம் தேதி வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், கணித வகுப்பை வாய்மொழிக் கணக்கு, புதிய திறனைக் கற்பித்தல், பயிற்சி, கணித விளையாட்டு என நான்காகப் பிரிக்கிறது. மொழி வகுப்புக்கும் அவ்வாறே பேச்சு, சொல்லறிதல், வாசிப்பு, எழுத்து என நான்கு பகுதிகள். இரண்டிலும் முதலிடம் வாய்க்கு. கைக்கு அடுத்த இடம்தான்.

இந்தி பேசும் மாநிலங்களில் எண்களைக் கற்பதில் இன்னொரு மேடு உண்டு. தமிழில் ‘நாற்பத்தேழு’ என்று சொல்லும்போதே நாற்பதும் ஏழும் காதில் விழுகின்றன. இந்தியில் நாற்பது ‘சாலீஸ்’, ஏழு ‘சாத்’, நாற்பத்தேழு ‘சைந்தாலீஸ்’. அறுபத்தொன்பதும் எழுபத்தொன்பதும் ‘அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு’ என்ற முறையில் பெயர் பெற்றிருக்க, எண்பத்தொன்பது அந்த முறையை மீறி ‘நவாசி’ ஆகிவிடுகிறது. நூறு வரையிலான பெயர்களை ஏறக்குறைய ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தாக வேண்டும். (தமிழ்க் குழந்தைக்கும் ‘தொண்ணூறு’ என்ற பெயரில் நூறு எப்படிப் புகுந்தது என்ற குழப்பம் உண்டு, ஆனால் குழப்பம் அந்த ஓர் இடத்தோடு நின்றுவிடுகிறது.)

2024 டிசம்பர் 4ஆம் தேதி நாடு முழுவதும் 74,229 பள்ளிகளில் 3, 6, 9ஆம் வகுப்புகளைச் சேர்ந்த 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ‘பரக்’ தேசிய மதிப்பீடு நடத்தப்பட்டது. 99 வரையிலான எண்களை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ அடுக்க முடிந்தவர்கள், மூன்றாம் வகுப்பினரில் 55 சதவீதம். ஈரிலக்க எண்களைக் கூட்டிக் கழிக்க முடிந்தவர்கள் 58 சதவீதம். எண்பெயர்களின் சிக்கல்தான் இதற்குக் காரணம் என்று முடிவுகட்ட இயலாது. இந்தி பேசாத மாநிலங்களும் இந்தச் சராசரிக்குள் அடக்கம். ஆனால், ஒன்றாம் வகுப்பின் முடிவுக்கென வகுக்கப்பட்ட எண்வரம்பிலேயே மூன்றாம் வகுப்பினரில் ஏறக்குறையப் பாதிப்பேர் தடுமாறுகின்றனர் என்பது தெளிவு.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

திட்டமும் நூலும் ஒரு புறமிருக்க, இவற்றை நடத்த வேண்டிய அறை எப்படி இருக்கிறது? மேற்கண்ட நான்கு பகுதிப் பாடவேளையை நிறைவேற்ற, ஒன்றாம் வகுப்புக்கென ஓர் ஆசிரியர் இருப்பார் என்பது சொல்லப்படாத எதிர்பார்ப்பு. அசர் 2024 ஆய்வாளர்கள் சென்ற பள்ளிகளில், ஒன்றாம், இரண்டாம் வகுப்பறைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில் வேறு வகுப்பினரும் சேர்ந்தே அமர்ந்திருந்தனர்.

இதை நிர்வாகக் குறைபாடு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ளும்போது பல வகுப்புகள் ஓரறையில் சேர்வது சட்டம் முழுமையாகப் பின்பற்றப்பட்டாலும் நேரும். 60க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட அரசுத் தொடக்கப்பள்ளிகளின் பங்கு 2022இல் 44 சதவீதமாக இருந்து 2024இல் 52.1 சதவீதமாக உயர்ந்துள்ளதாக அதே அறிக்கை கூறுகிறது. பாதிக்கும் மேற்பட்ட பள்ளிகளின் இயல்பான நிலை இதுதான் என்றாகிறது. அதற்கும் கீழே இன்னொரு படி உண்டு. 2024-25ஆம் ஆண்டுக்கான ‘யுடைஸ் பிளஸ்’ தரவுகளின்படி, நாட்டில் 1,04,125 ஓராசிரியர் பள்ளிகளில் 33 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பயில்கின்றனர்.

பல வகுப்பினர் சேர்ந்து அமர்வதே தீங்கு என்பதில்லை. மூத்த குழந்தை இளைய குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி இருவருக்குமே கிடையாது. சிக்கல் என்னவெனில், பாடநூலும் ஆசிரியர் கையேடும் பயிற்சி முகாமும் ஒற்றை வகுப்பை மனத்தில் வைத்தே உருவாகின்றன. அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுச் செயல்பாடுகளுக்கான அரசு உத்தரவு தங்களுக்கு வந்து சேர்ந்ததாக 80 சதவீதத்துக்கும் அதிகமான பள்ளிகள் தெரிவித்துள்ளன. உத்தரவு சென்றடைந்த வேகத்தில், இரண்டு ஆசிரியர் பள்ளிக்கான பாடத்திட்டம் ஒன்றும் சென்றிருந்தால் பயன் கூடுதலாக இருந்திருக்கும்.

ஆறா, ஐந்தா?

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஆறு வயது நிறைவடைந்திருக்க வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2023 பிப்ரவரியில் மாநிலங்களுக்கு மீண்டும் வலியுறுத்தியது. கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் 2022-23ஆம் ஆண்டு சேர்க்கையிலேயே இதற்கு மாறின. அதை எதிர்த்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று தள்ளுபடியானது. தில்லி அரசு 2026-27 முதல் ஆறு வயது விதியைக் கடைப்பிடிக்க முடிவு செய்தது. கர்நாடகம் அதே விதியை ஏற்றபின், பெற்றோரின் எதிர்ப்பை அடுத்து 2025-26க்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் எனத் தளர்த்தியது. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்தோரைச் சேர்க்கும் நடைமுறை தொடர்கிறது.

கிராமப்புற இந்தியாவில் ஒன்றாம் வகுப்பில் இருப்போரில் ஐந்து வயதினரும் அதற்குக் குறைந்தோரும் 2018இல் 25.6 சதவீதமாக இருந்தனர். 2024இல் அது 16.7 சதவீதம். மாற்றம் நிகழ்கிறது. ஆனால் ஆறு வயது வரை குழந்தை எங்கே இருக்கும் என்ற கேள்விக்குப் பணம் உள்ள குடும்பமும் இல்லாத குடும்பமும் ஒரே விடையைப் பெறுவதில்லை. நகரக் குடும்பத்துக்கு அது இன்னோர் ஆண்டு மழலையர் பள்ளிக் கட்டணம். கிராமத்துக் கூலித் தொழிலாளியின் குழந்தைக்கு அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய அந்த அமைப்பில் இன்று சுமார் 14 லட்சம் மையங்கள் உள்ளன. 2023 மே மாதம் ‘போஷண் பீ, படாயீ பீ’ (ஊட்டச்சத்தும் உண்டு, படிப்பும் உண்டு) என்ற முழக்கத்தோடு முன்பருவக் கல்வியும் அங்கன்வாடிப் பணியாளரிடம் அழுத்தமாக ஒப்படைக்கப்பட்டது. எடை பார்த்தல், இணை உணவு, தடுப்பூசி நினைவூட்டல், கைப்பேசிச் செயலியில் பதிவு ஆகிய அனைத்தையும் முடித்தபின் பாட்டும் கதையும் சொல்ல அவரிடம் எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதில்தான் ஆறு வயது விதியின் நியாயம் அடங்கியிருக்கிறது. நல்ல முன்பருவக் கல்வி இல்லாத இடத்தில் அந்த விதி ஏழைக் குழந்தைக்கு ஓர் ஆண்டுக் காத்திருப்பு மட்டுமே.

எந்த மொழியில்?

கற்பிக்கும் மொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு கூறுகிறது. 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் இணைப்புப் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையும் அடித்தள நிலைக் குழந்தைகளின் வீட்டுமொழியைக் கணக்கெடுத்து, அம்மொழியிலோ பழக்கமான வட்டார மொழியிலோ கற்பிக்க வலியுறுத்தியது. இன்னொரு பக்கம், மகாராஷ்டிர அரசு 2025 ஏப்ரல் 16ஆம் தேதி ஒன்றாம் வகுப்பு முதலே இந்தியை மூன்றாம் மொழியாகக் கட்டாயமாக்கியது. கடும் எதிர்ப்பு எழவே ஜூன் 17ஆம் தேதி ஆணையைத் திருத்தி, ஜூன் 29ஆம் தேதி இரண்டு ஆணைகளையும் திரும்பப் பெற்று, நரேந்திர ஜாதவ் தலைமையில் குழு அமைத்தது. அந்த விவாதம் மராத்தி அடையாளத்தைச் சுற்றியே பெரிதும் நடந்தது. ஆறு வயதுக் குழந்தை ஒரே ஆண்டில் எத்தனை மொழிகளில் எழுத்துக் கூட்ட முடியும் என்ற வகுப்பறைக் கேள்வி பின்னுக்குப் போனது.

அந்தக் கேள்விக்கு முன்பே விடை தேடிய மாநிலங்கள் உள்ளன. ஒடிசா, பழங்குடிக் குழந்தைகளுக்கு அவர்களின் மொழிகளிலேயே தொடக்க வகுப்புகளைத் தொடங்கி ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகின்றன. பத்து மொழிகளில் ஆரம்பித்த முயற்சி பின்னர் 21 மொழிகளாக விரிந்தது. ஜார்க்கண்டின் ‘பலாஷ்’ திட்டம் சந்தாலி, ஹோ, முண்டாரி, குடுக், காடியா ஆகிய ஐந்து மொழிகளில் நடக்கிறது. இங்கே ஆசிரியர் முதலில் கற்க வேண்டியது குழந்தையின் மொழியை. வீட்டில் ஹோ மொழி மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, இந்தியில் எழுதப்பட்ட ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாலும் வாயிலிருந்து வருவது ஒலிதான், பொருள் அல்ல. ‘புரிதலுடன்’ என்ற சொல் உதிர்ந்துவிடக் கூடாது என்று மேலே குறிப்பிட்டது இத்தகைய குழந்தையை எண்ணித்தான்.

ஆங்கில வழிப் பள்ளியை நாடும் பெற்றோரை அறியாமையில் இருப்பவர்கள் என்று ஒதுக்குவதும் சரியல்ல. ஆங்கிலம் வேலைக்கான வாயில் என்பதை அவர்கள் தம் வாழ்விலேயே கண்டவர்கள். வீட்டிலும் தெருவிலும் கேட்காத மொழியில் வாசிப்பின் முதல் படியை வைக்கும்போது, குழந்தை இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய நேர்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச்சொல்லும் பொறுப்பு பள்ளிகளுடையது. கட்டணம் வாங்கும் பள்ளி அதைச் சொல்லத் தயங்குவதில் வியப்பில்லை.

தேர்வும் பையும்

எழுத்துத் தேர்வும் பரீட்சையும் இந்த வயதுக்கு முற்றிலும் பொருந்தாத மதிப்பீட்டு முறைகள் என்று 2022ஆம் ஆண்டு கலைத்திட்டச் சட்டகம் வெளிப்படையாகவே கூறுகிறது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது, ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பையின் எடை 1.6 முதல் 2.2 கிலோ வரை இருக்கலாம் என்பது 2020ஆம் ஆண்டு பள்ளிப்பைக் கொள்கை. காலை எட்டு மணிக்கு எந்த நகரத்தின் பள்ளி வாசலில் நின்றாலும் அந்தக் கொள்கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது தெரியும்.

இரண்டாம் வகுப்பு வரை குழந்தை வாசிக்கக் கற்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து, கற்பதற்காக வாசிக்க வேண்டியுள்ளது. என்சிஇஆர்டி 2024இல் வெளியிட்ட மூன்றாம் வகுப்பு நூல்களில் இந்தத் திருப்பம் கண்கூடு. மொழிகளும் கணிதமுமாக இருந்த பையில் சுற்றுச்சூழல், கலை, உடற்கல்விக்கான நூல்கள் புதிதாகச் சேர்கின்றன. ‘நம் அற்புத உலகம்’ என்ற பொருள்படும் பெயர் கொண்ட சுற்றுச்சூழல் நூல் குடும்பம், செடிகள், விலங்குகள், உணவு எனக் குழந்தை அன்றாடம் காண்பவற்றைப் பற்றியது. தன் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைப் பற்றி அதில் எழுதப்பட்டிருப்பதை வாசிக்க இயலாமல், பக்கத்திலுள்ள படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு குழந்தை அந்தப் பாடவேளையைக் கழிக்கக்கூடும். ஆசிரியரின் கையில் மூன்றாம் வகுப்புக்கான பாட அட்டவணை இருக்கும். அந்தக் குழந்தைக்கு வேண்டிய ஒன்றாம் வகுப்புப் பாடம் அதில் இருக்காது.